பச்சை எரியாமல் கீழே போகவேண்டாம்

கற்பிட்டி
2024 மார்ச் 4

டிலுக்ஷி,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று அம்மாவுக்கு வரும் கடிதங்களில் தெரிகிறது. எனக்கு ஒரு வேலை விஷயம் கேட்கவேண்டும். உங்கள் மடத்தில் பயிற்சி முடியும்வரை போன் கிடையாதாம், அதனால்தான் பேனையை எடுத்தேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் சிரிக்காதே.

லிப்ட் பூட்டியாகிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டிலின் கூரையை உயர்த்தி, நிலத்துக்குக் கொங்கிறீட் போட்டு, இரண்டு தூணையும் நானும் வெல்டிங் கில்பட்டும்தான் நட்டோம். ஒவ்வொரு தூணிலும் இரண்டு கை. நாலு கையும் வாகனத்தை அடியில் பிடித்து ஆள் உயரத்துக்குத் தூக்கிவிடும். அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து நடத்துவதாக இருந்த கராஜ் இது. நான் எஞ்சினைப் பார்க்க, நீ கரண்ட் வேலையைப் பார்க்க என்று பேசி வைத்திருந்தோம். லிப்ட் கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கிய கிழமை நீ பெட்டி கட்டிக்கொண்டு கன்னியாஸ்திரியாகப் போனாய். ஒன்றரை வருடம் லிப்ட் சாக்கு மூடிக் கிடந்தது, அதை விடு.

பிரச்சினை வெளிச்சம். வானைத் தூக்கினால் கூரையில் இருக்கும் விளக்கு வானின் முதுகில்தான் விழுகிறது. முதுகு பளபளவென்று தெரியும். நான் வேலை செய்யவேண்டிய வயிறு பட்டப்பகலிலும் கறுப்பு. போனில் இருக்கும் டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நட்டுக் கழற்றுகிறேன். போன கிழமை கியர் எண்ணெய் கண்ணுக்குள் விழுந்து அரை நாள் ஒற்றைக் கண்ணோடு திரிந்தேன். வான் வைத்திருக்கும் நஸீம் நானா அதைப் பார்த்துவிட்டு, கராஜ் பாஸ் எனக்குக் கண்ணடிக்கிறார் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

"அப்பாட மீன்பிடிப் போட்டுக்கே லைட் போட்டவள் அவள்தானே, அவளிட்டக் கேள்" என்று அம்மா மூன்று நாளாகக் காதைத் தின்கிறா. புத்தளத்தில் எல்.ஈ.டி பட்டி வாங்கி வைத்திருக்கிறேன். கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற பெட்டியும் இருக்கிறது. எங்கே பூட்டுவது, மேலும் கீழும் போய்வரும் சாமானுக்கு வயரை எப்படி இழுப்பது, இந்த இரண்டையும் மட்டும் எழுது. வேறு கதை வேண்டாம்.

கிளைட்டன்

*

கண்டி
2024 மார்ச் 15

ஆண்டவரின் சமாதானம் உன் கொட்டிலில் தங்கட்டும், அண்ணா.

வேறு கதை வேண்டாம் என்றாய், எழுதவில்லை. ஆனால் உன் கடிதத்தை நான் ஐந்து தரம் வாசித்தேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் தரம் வாசித்தபோது சமையலறையில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அதற்காக இரண்டு நாள் சட்டி தேய்த்தேன்.

இனி விளக்கு. முதலாவது, வீட்டுக் கரண்ட் லிப்ட் பக்கம் போகவே கூடாது. அது முழுக்க இரும்பு, நீ வெறுங்காலோடு நிற்கிற ஆள். பெட்டியைச் சுவரில் உன் தலைக்கு மேலே பூட்டு. அதிலிருந்து வெளியே வரும் பன்னிரண்டு வோல்ட் மட்டும்தான் லிப்டுக்குப் போகவேண்டும். நடுவில் ஒரு பியூஸ் போடு. போடுவாயா என்று கேட்கவில்லை, போடு என்று சொல்கிறேன்.

இரண்டாவது, பட்டியை வெறுமனே ஒட்டாதே. நம்முடைய கடற்காற்று ஒரு மழைக்குள் அதைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். மேலே பிளாஸ்டிக் மூடி வைத்த அலுமினியக் குழாய் கிடைக்கும், அதற்குள் வைத்து இரண்டு முனையையும் சிலிக்கனால் அடை. அப்பாவின் போட்டில் நான் அடைத்த மாதிரி. அந்த விளக்கு இன்னும் எரிகிறதுதானே?

மூன்றாவது, லிப்டின் ஒவ்வொரு கையிலும் ஒரு பட்டி. அப்போதுதான் வாகனம் மேலே போகும்போது வெளிச்சமும் கூடவே போகும். நாலாவதுதான் மிக முக்கியம். வயரின் நீளத்தை லிப்ட் கீழே இருக்கும்போது அளக்காதே. உச்சிக்கு ஏற்றி வைத்துவிட்டு அள. மிச்சத்தை மேலே இருந்து தொங்கும் வளையமாக விடு, கைகளுக்குள் சிக்காது.

அண்ணா, எத்தனை நாளுக்குப் பிறகு வயரைப் பற்றி யோசிக்கிறேன். பூட்டியதும் எப்படி எரிந்தது என்று ஒன்றுவிடாமல் எழுது.

வேறு கதை ஒரே ஒரு வரி. ஆகஸ்ட் 15ஆம் திகதி எனக்கு முதல் வார்த்தைப்பாடு. அன்றிலிருந்து நான் சிஸ்டர். நீ வரவேண்டும்.

டிலுக்ஷி

*

கற்பிட்டி
2024 மார்ச் 27

டிலுக்ஷி,

எரிந்தது. எப்படி எரிந்தது என்று சொல்கிறேன், கேள்.

நீ சொன்னது ஒன்றையும் விடவில்லை. பியூஸ் போட்டேன், சிலிக்கன் அடைத்தேன், உச்சிக்கு ஏற்றி வைத்து அளந்தேன். பட்டி கட்டுகிற வேலைக்கு அப்பாவும் வந்தார். கடலுக்குப் போகாத நாள், சும்மா இருக்க முடியாது அவருக்கு. கைகளின் அடியில் நானும் அவரும் சேர்ந்து அழகாக வரிசையாகக் கட்டினோம். கில்பட்டைக் கூப்பிட்டேன். அம்மா வந்தா. நஸீம் நானா தன் வானை ஏற்றித் தந்தார். தூக்கினேன். எல்லோரையும் கொஞ்சம் பின்னுக்கு நிற்கச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

அப்படியொரு வெளிச்சத்தை நீ கண்டிருக்கமாட்டாய். நிலம் முழுக்க வெள்ளை. கொங்கிறீட்டில் ஊர்ந்த எறும்பின் கால் தெரிந்தது. போன வருடம் தொலைத்த பத்தாம் நம்பர் சாவி மூலையில் கிடந்தது தெரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் வானுக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்தேன்.

கும்மிருட்டு. முன்பு இருந்ததைவிட மோசம், ஏனென்றால் இப்போது கண்ணும் கூசுகிறது.

அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "சரியாத்தானே கட்டியிருக்கு" என்றார். போட்டில் விளக்கை எப்போதும் தண்ணீரைப் பார்த்துத்தானே கட்டுவோம். அப்பனும் மகனும் அந்தப் பழக்கத்திலேயே நாலு பட்டியையும் நிலத்தைப் பார்த்துக் கட்டியிருக்கிறோம். ஒரு ஆளுக்காவது யோசனை வரவில்லை. நஸீம் நானா சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப்பார்த்தார். கொங்கிறீட்டுக்குக் கீழே எத்தனை மீன் படுகிறது என்று கேட்டார். அம்மா வீட்டுக்குள் போய் அரிசிச் சுளகோடு வந்தா. வானை இறக்கி ஓரமாக விட்ட பிறகு, வெறும் லிப்டைத் தூக்கச் சொல்லி, அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினா. இதைவிட நல்ல வெளிச்சம் தான் கண்டதில்லையாம்.

எப்படித் திருத்துவது என்று எழுது. கெதியாக எழுது.

உன் ஒரு வரியைப் பற்றி இப்போது கேட்காதே.

கிளைட்டன்

*

கண்டி
2024 ஏப்ரல் 5

அண்ணா,

இங்கே சாப்பாட்டு நேரத்தில் பேசக்கூடாது. உன் கடிதத்தை மடியில் வைத்து வாசித்தது என் தவறு. அம்மாவின் சுளகு வந்த இடத்தில் வாயிலிருந்த தேத்தண்ணீர் எதிரே இருந்த பிள்ளையின் வெள்ளைச் சட்டையில். மறுபடி சட்டி தேய்க்கிறேன்.

பாதிப் பிழை என்னுடையது. எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று நான் எழுதவில்லை. நாமும் போட்டுக்காரர்களின் பிள்ளைகள் என்பதை இங்கே வந்து மறந்துபோனேன் போல.

இப்படிச் செய். பட்டியை அடியிலிருந்து கழற்றி ஒவ்வொரு கையின் உள்பக்கத்திலும் பூட்டு, கொஞ்சம் மேலே சரித்து. இரண்டு தூணிலும் கைகளோடு சேர்ந்து ஏறி இறங்கும் பெட்டி இருக்கிறதல்லவா, அதில் இரண்டு பட்டி உள்நோக்கிப் போடு. வெளிப்பக்கம் ஒரு விரல் அகலத் தகடு மறைப்பாக நிற்கட்டும், வெளிச்சம் வயிற்றுக்குப் போகும், உன் கண்ணுக்கு வராது. பழைய பாட்டு சீடித் தட்டு ஒன்றின் மேல் மார்க்கர் பேனையால் படம் கீறினேன், இங்கே தாள் கட்டுப்பாடு. இதோடு அனுப்பியிருக்கிறேன்.

இனிமேல்தான் எனக்கு உண்மையில் சொல்லவேண்டியது இருக்கிறது. காலை ஜெபத்தில் இருக்கும்போது வந்தது, ஆண்டவர் மன்னிக்கட்டும். உன் லிப்டில் ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனிப் பூட்டு இருக்கிறது. தூக்கிய பிறகு கொஞ்சம் இறக்கினால் அது தூணுக்குள் இருக்கும் பல்லில் போய் உட்காரும், டக் என்று சத்தம் கேட்கும். ஒரு பக்கம் உட்கார்ந்து மற்றப் பக்கம் உட்காராவிட்டால்? இரண்டு டக்கும் ஒன்றாகக் கேட்டதா, ஒன்றுதான் கேட்டதா என்று கடற்காற்று அடிக்கும்போது உனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பூட்டிலும் ஒரு சின்ன சுவிட்ச் வை. பூட்டு விழுந்தால் அழுந்துகிற மாதிரி. வயரை முதல் சுவிட்சுக்குள்ளால் போய், இரண்டாவதுக்குள்ளாலும் போய், அதன் பிறகு ஒரு பச்சை விளக்குக்கு வரும்படி இழு. இரண்டு பக்கமும் உட்கார்ந்தால்தான் பச்சை எரியும். ஒன்று பிழைத்தாலும் எரியாது. இதைக் கட்டாயம் செய்.

படத்தை அனுப்ப சிஸ்டர் கத்தரினாவிடம் போனேன். எங்கள் பயிற்சிக்கு அவர்தான் பொறுப்பு. சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "உன்ட ஜெபக் கொப்பியில ஒரு நாளைக்கு மூண்டு வரி. வயருக்கு நாலு பக்கம். நீ ஆர் எண்டு உனக்குத் தெரியுமோ?"

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. சீடியை உறைக்குள் போட்டுவிட்டுச் சட்டி தேய்க்கப் போனேன் அண்ணா.

டிலுக்ஷி

*

கற்பிட்டி
2024 ஏப்ரல் 22

தங்கச்சி,

இந்தக் கடிதத்தை இருந்துகொண்டு வாசி. தேத்தண்ணீர் குடிக்காதே.

நானாகவே யோசித்துப் பட்டியைத் திருப்பிவிட்டேன் என்று பொய் சொல்லலாம், சொல்லமாட்டேன். உன் சீடி வந்து சேர்ந்த பிறகுதான் செய்தேன். அப்பா மறுபடி உதவிக்கு வந்தார், நான் அவரைக் கும்பிட்டுக் கதிரையில் இருத்திவிட்டேன். சுவிட்சைப் போட்டேன். ஐயோ டிலுக்ஷி, ஒரு வாகனத்தின் அடியை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், இத்தனை நாளும் தடவித்தான் பார்த்திருக்கிறேன். எண்ணெய் எந்த நட்டிலிருந்து கசிந்து எந்த வழியாக ஓடுகிறது என்று கோடு போட்ட மாதிரித் தெரிகிறது. கை நிழல் இல்லை. வாயில் டோர்ச் இல்லை, வேலை செய்துகொண்டே பாட்டுப் பாடுகிறேன்.

நுரைச்சோலையில் பவர் பிளான்டில் வேலை செய்யும் ஒருவர் சும்மா எண்ணெய் மாற்ற வந்தார். தூக்கினேன். பின்சில்லுக்குப் போகும் பிறேக் குழாய் துருப்பிடித்து, விரல் பட்டால் உடைகிற அளவில் இருந்தது. பழைய வெளிச்சத்தில் சத்தியமாகக் கண்டிருக்கமாட்டேன். அவர் அடுத்த நாள் பிள்ளைகளோடு அனுராதபுரம் போவதாக இருந்தாராம். அந்த மனிசன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு கிழமையாக ஆட்கள் வாகனம் திருத்த வருகிறார்களா, வெளிச்சம் பார்க்க வருகிறார்களா என்று எனக்கே விளங்கவில்லை.

பச்சை விளக்கு இன்னும் போடவில்லை. அந்தச் சின்ன சுவிட்ச் இங்கே எங்கும் கிடைக்கவில்லை.

உன் சிஸ்டர் கேட்ட கேள்வியைத்தான் நானும் ஒன்றரை வருடமாகக் கேட்கிறேன். நீ வயர்க்காரி. ஜெபத்தில் இருக்கும்போது என் லிப்டின் பூட்டு ஞாபகம் வருகிறதென்றால் நீ இருக்கவேண்டிய இடம் எது? வந்துவிடு. ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வார்த்தைப்பாடு எடுக்காமல் வருகிறவர்களை யாரும் குறை சொல்லமாட்டார்களாம், விசாரித்துவிட்டேன். வலது பக்கத் தூணுக்குப் பக்கத்தில் உனக்கென்று மேசை போட்டு வைத்திருக்கிறேன். வேறு யாரையும் அதில் சாமான் வைக்க விடுவதில்லை.

அண்ணா

*

கண்டி
2024 மே 6

அண்ணா,

பிறேக் குழாயை வாசித்து நான் அழுதேன், சந்தோஷத்தில். இதை முதலில் எழுதாவிட்டால் பிறகு எழுத மனம் வராது, ஏனென்றால் மிச்சம் முழுக்கக் கோபம்.

சுவிட்ச் கிடைக்கவில்லை என்கிறாய். புத்தளத்தில் இல்லாவிட்டால் சிலாபத்தில் இருக்கும். தையல் மெஷின் திருத்துகிறவனிடமும் இருக்கும், அரைக்கும் மில்லிலும் இருக்கும். எல்.ஈ.டி தேடத் தெரிந்த உனக்கு இதைத் தேடத் தெரியாதா? பச்சை இல்லாமல் நீ ஒவ்வொரு நாளும் கீழே போகிறாய். நான் இங்கே ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது, அம்மா எழுதியிருந்தா. தங்கச்சி எங்கே என்று யார் கேட்டாலும் கண்டியில் படிக்கிறாள் என்றே நீ சொல்கிறாயாம். கில்பட்டைத் தவிர கராஜுக்கு வருகிற ஒருவருக்கும் தெரியாதாம். நான் திருடிவிட்டா வந்தேன்? எனக்கு மேசை போட்டு வைக்கிறாய், என் பெயரையும் நான் என்ன ஆகப்போகிறேன் என்பதையும் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. நீ அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தரமும் நான் இல்லாத ஆள் ஆகிறேன்.

வந்துவிடு என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்ததிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. நான் இருக்கவேண்டிய இடம் அங்கேதான் என்பது பொய்யென்றால் கோபித்துவிட்டுப் போய்விடுவேன். பொய்யா உண்மையா என்று எனக்கே தெரியாததுதான் கஷ்டம். அந்த மேசை எவ்வளவு உயரம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

பச்சை விளக்கைப் போட்ட பிறகு எனக்கு எழுது. அதுவரைக்கும் எழுதவேண்டாம்.

டிலுக்ஷி

*

கற்பிட்டி
2024 மே 19

தங்கச்சி,

எழுத்துக் கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. மற்றபடி முழுசாக இருக்கிறேன். அம்மா உனக்குப் பயங்கரமாக எழுதுவதற்கு முதல் நான் எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை நஸீம் நானாவின் வான். தூக்கினேன், பூட்டில் இறக்கினேன், டக் என்று கேட்டது, கீழே போனேன். நல்ல காற்று. இடது பக்கம்தான் பல்லில் உட்கார்ந்திருக்கிறது. வலது பக்கம் லிப்டைத் தூக்குகிற எண்ணெயின் பலத்தில் மட்டும் நின்றிருக்கிறது, அது மெல்ல மெல்லக் கசிந்து இறங்கியிருக்கிறது. உன் வெளிச்சம்தான் காட்டித் தந்தது. வானின் அடியில் தகட்டு நிழல் ஒரு கோடாக விழும், அந்தக் கோடு சரிவதைக் கண்டேன். ஏன் சரிகிறது என்று யோசிப்பதற்குள் கில்பட் "கிளைட்டன், வெளியில வா" என்று கத்தினான். பாய்ந்தேன். எண்ணெய்ப் பீப்பாயில் விழுந்து கை போனது. வான் ஒரு முழம் சரிந்து அப்படியே நின்றுவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

இனி உண்மை. சுவிட்ச் இரண்டும் ஏப்ரல் 10ஆம் திகதியிலிருந்து அலுமாரியில் இருக்கின்றன. சிலாபத்துக்குப் போய் நானே வாங்கினேன். போடவில்லை. அதைப் போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடும், முடிந்துவிட்டால் உனக்கு எழுத என்னிடம் ஒன்றும் இருக்காது, நீயும் எழுதமாட்டாய் என்று நினைத்தேன். ஒரு வேலை மிச்சம் இருந்தால் அதற்காகவாவது ஒரு நாள் வந்துவிடுவாய் என்றும் நினைத்தேன். முட்டாள்தனம்தான். அதை முழுசாகச் சொல்லிவிட்டேன்.

இப்போது போட நினைத்தாலும் கை இல்லை.

அண்ணா

*

கண்டி
2024 ஜூன் 10

அண்ணா,

மடத்துக்குத் திரும்பி வந்து சேர்ந்துவிட்டோம். பஸ்ஸில் சிஸ்டர் கத்தரினாவுக்குத் தலைசுற்று, அம்மா கட்டித் தந்த தேசிக்காயை மணந்து மணந்து சமாளித்தோம்.

உன் கோணல் எழுத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது என் பெட்டி ஏற்கெனவே கட்டியிருந்தது. திரும்பி வருகிற நினைப்பில் கட்டிய பெட்டி இல்லை அது. அதை அவரிடமும் சொன்னேன். அவர் கடிதத்தை வாசித்துவிட்டு, இரண்டு நாள் போய் அந்தப் பச்சை விளக்கைப் போட்டு முடி, அதற்குப் பிறகு நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குச் சொல், நானும் கூட வருகிறேன் என்றார். அதனால்தான் உன் கொட்டில் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றோம். உன் முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

நீ கட்டுப் போட்ட கையோடு ஸ்குரூ எடுத்துத் தந்தாய். நான் கொழுவினேன். அம்மாவும் சிஸ்டரும் கதிரை போட்டு இருந்தார்கள். முதல் தரம் எரியவில்லை, இடது சுவிட்சின் தகட்டை வளைத்தேன். இரண்டாம் தரம் லிப்ட் இறங்கி உட்கார்ந்தது, டக், டக், பச்சை. நீ ஊளையிட்டாய். நானும்தான். தலையில் முக்காட்டோடு ஒரு பெண் அப்படிக் கத்துவதை கில்பட் பார்த்திருக்கமாட்டான். பெயின்ட் எடுத்துத் தூணில் என் பெயரோடு அந்த எச்சரிக்கை வரியை எழுதியது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் எழுதாவிட்டால் நீ ஏமாற்றுவாய்.

அதற்குப் பிறகு சாமான்களைத் துடைத்து, நீ போட்டு வைத்த மேசையில் அடுக்கினேன். மேசை சரியான உயரம். அதில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு விருப்பமான வேலை, எவ்வளவு விருப்பமான இடம். இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றும் என்று காத்திருந்தேன். அண்ணா, தோன்றவில்லை. மடத்தில் மாலை மணி அடித்திருக்கும், எல்லோரும் பாடத் தொடங்கியிருப்பார்கள், நான் இல்லாமல் பாடுகிறார்களே என்றுதான் மனம் தவித்தது. உன்னைவிட்டு ஓடிப் போனேன் என்று ஒன்றரை வருடமாக என்னையே சந்தேகப்பட்டேன். ஓடவில்லை. எனக்குப் போக ஒரு இடம் இருந்தது, போனேன். அன்று அந்த மேசையில் நின்றபோதுதான் நிச்சயமாகத் தெரிந்தது.

சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது போகாமல் இரு என்று நீ கேட்பாயோ என்று பயந்துகொண்டே இருந்தேன். நீ கேட்டது, "வயர் மிச்சம் இருக்கு, கொண்டுபோறியா?" என்று மட்டும். கொண்டுவந்தேன். பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

சிஸ்டருக்குப் பதிலை பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். அவர் தேசிக்காயை மணந்துகொண்டே, "நல்லது. எங்கட சபையில ஒரு ஆளுக்கும் பியூஸ் மாத்தத் தெரியாது" என்றார்.

ஆகஸ்ட் 15. இரண்டாம் தரம் கேட்கிறேன். அம்மாவும் அப்பாவும் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். நீ வராவிட்டாலும் நான் எடுப்பேன். ஆனால் நீ இருந்தால்தான் எனக்கு முழுசாக இருக்கும்.

டிலுக்ஷி

*

கற்பிட்டி
2024 ஆகஸ்ட் 6

என் தங்கச்சிக்கு,

இரண்டு மாதம் பதில் போடாததற்குக் கை காரணம் என்று சொல்லலாம். கட்டு வெட்டி நாலு கிழமையாகிவிட்டது. பதில் தெரியாமல் இருந்தது, அதுதான் காரணம். நேற்றுத்தான் தெரிந்தது.

இங்கே பக்கத்தில் தலவில அன்னம்மா கோயில் திருநாள் தொடங்கிவிட்டது. றோட்டு முழுக்க வான். மணல் பாதையில் பாரம் ஏற்றிக்கொண்டு வந்து, ஒன்றுக்கு சைலன்சர் கழன்று, ஒன்றுக்கு ஸ்பிறிங் உடைந்து, எல்லாம் என் வாசலில். நானும் கில்பட்டும் சாப்பிடவும் மறந்து ஓடுகிறோம். உன் வெளிச்சம் காலையிலிருந்து அணைவதில்லை. ஒவ்வொரு தரமும் இறக்கி, டக், டக், பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் கீழே போகிறேன். ஒரு தரம் எரியவில்லை. மறுபடி ஏற்றி இறக்கினேன், எரிந்தது. எரியாத அந்த ஒரு தரம் கில்பட் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தான்.

நேற்று நஸீம் நானா கொழும்பு ஆட்களைத் திருநாளுக்கு ஏற்றிக்கொண்டு வந்தவர், சில்லுச் சத்தம் பார்க்க வானை விட்டார். இன்னும் ஐந்தாறு சாரதிகள் வரிசையில் இருந்தார்கள். வான் மேலே போனது, பச்சை எரிந்தது. நானா தூணுக்குப் பக்கத்தில் வந்து நீ எழுதியதை உரக்க வாசித்தார். பச்சை எரியாமல் கீழே போகவேண்டாம், டிலுக்ஷி. வாசித்துவிட்டுக் கேட்டார்: "இது ஆரு பாஸ், இந்த டிலுக்ஷி? உங்களையே வெருட்டி வெச்சிருக்கிற ஆள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்டியில் படிக்கிறாள் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அது எனக்குப் பழக்கம். மேலே பார்த்தேன், பச்சை எரிந்துகொண்டிருந்தது. நான் சொன்னேன்:

"என்ட தங்கச்சி. இந்த லைட்டெல்லாம் அவள் போட்டது. வாற பதினஞ்சாந் திகதி சிஸ்டர் ஆகப்போறாள்."

சொல்லிவிட்டேன் டிலுக்ஷி. அத்தனை பேருக்கும் முன்னால், சத்தமாக. சொன்ன பிறகு எனக்கு அழுகை வந்தது. வானுக்குக் கீழே போய் நின்றுகொண்டேன், ஆனால் உன் வெளிச்சத்தில் எதை ஒளிக்க முடியும், எல்லோரும் கண்டார்கள். நஸீம் நானா தூணிலிருந்த பெயரை மறுபடி வாசித்தார். பிறகு, "மாஷா அல்லாஹ், அப்ப அண்டைக்கு நீங்க எப்பிடிப் போறீங்க? என்ட வானைக் கொண்டுபோங்க, இதவிட நல்லாப் பாத்த வான் இந்தப் பக்கம் இல்ல" என்றார். அம்மா, அப்பா, கில்பட், நான். பதினாலாம் திகதி விடிய வெளிக்கிடுகிறோம். கராஜ் இரண்டு நாள் பூட்டு. திருநாள் நேரத்தில் பூட்டுகிறாயே என்று ஒரு சாரதி கேட்டான், வாசலில் தொங்கவிட்டிருக்கும் தாளை வாசிக்கச் சொன்னேன். தங்கச்சியின் வார்த்தைப்பாட்டுக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறேன். வலது கையால் எழுதினேன், எழுத்து நேராக வந்திருக்கிறது.

மேசையை எடுக்கவில்லை. உன் சாமான்களும் அதிலேயே இருக்கட்டும். லீவில் வரும்போது ஏதாவது ஒரு வயர் வேலை மிச்சம் வைக்கிறேன், ஆபத்தில்லாத வேலையாகப் பார்த்து.

இன்னொரு விஷயம். உங்கள் மடத்துக் கோயிலுக்குள் வெளிச்சம் எப்படி? நீ நிற்கப்போகிற இடம் நன்றாகத் தெரியுமா? அப்பா கட்டாயம் ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்கிறார். எல்.ஈ.டி பட்டி இரண்டு மிச்சம் இருக்கிறது, பெட்டியும் பியூஸும் எடுத்து வைத்துவிட்டேன். சிஸ்டர் கத்தரினாவிடம் கேட்டு எழுது.

எந்தப் பக்கம் பார்த்துக் கட்டவேண்டும் என்பதையும் இந்த முறை சேர்த்து எழுது.

அண்ணா